ஏக்கருக்கு 40 கிலோ

மைசூரு மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் வெளியிட்ட மல்பெரி ரகம் வி-1. கிருஷ்ணகிரி, தருமபுரி, உடுமலைப் பக்கம் இன்று பரவலாக நிற்பது இதுதான். நல்ல பாசனம் இருந்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 24 டன் இலை கிடைக்கும். அதில் முக்கால் பங்கு நீர். உலர்ந்தால் 6 டன். உலர் இலையில் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைத்துக் கணக்கிட்டாலும் 3 சதவீதம். ஆக, ஆண்டுதோறும் 180 கிலோ தழைச்சத்து தோட்டத்தை விட்டுப் போகிறது.

பரிந்துரைப்படி ரசாயன உரம் தருவது 140 கிலோ. கூடவே 8 டன் தொழு உரம் போட வேண்டும். அதில் அரை சதவீதம் தழைச்சத்து என்றால் 40 கிலோ. காகிதத்தில் கணக்கு நேராகிறது. வயலில், யூரியாவின் ஒரு பகுதி காற்றிலும் தண்ணீரிலும் போய்விடும்.

மாடு குறைந்த ஊர்களில் முதலில் நின்றுபோவது அந்த 8 டன்தான். செடி உடனே காட்டிக்கொடுக்காது. மண்ணில் முன்பே சேர்ந்திருந்த மக்கு சிதைந்து, பற்றாக்குறையைச் சில காலம் ஈடுகட்டும். பரிசோதனை அட்டையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். மேல்மண் இறுகும், ஈரம் நிற்காது, பறித்த இலை சீக்கிரம் வாடும். பட்டுப்புழு தண்ணீர் குடிப்பதில்லை. அதற்கு வேண்டிய ஈரம் முழுவதும் இலையிலிருந்தே வர வேண்டும். மல்பெரியோ 15 ஆண்டுகள் அதே இடத்தில் நிற்கும் பயிர். இடையில் உழுது மாற்றுப் பயிர் போட வழியில்லை.

வெளியே போன சத்தில் பட்டுக்கூடாகச் சந்தைக்குப் போவது ஒரு பகுதிதான். மீதி, புழு எச்சமாகவும் தின்னாத இலை, தண்டாகவும் வளர்ப்பு மனையிலேயே கிடக்கிறது. தொழு உரத்துக்கு இதைவிடப் பக்கத்தில் மாற்று இல்லை. அதை வாரி அப்படியே செடிக்கடியில் கொட்டுவதுதான் ஆபத்து.

பால் புழு நோய் கண்ட புழு உடல் வீங்கி, தட்டின் ஓரத்தில் நிலைகொள்ளாமல் ஊரும். தோல் கிழிந்து பால்போல் வடியும். அந்தத் துளியில் உள்ள வைரஸைச் சுற்றி ஒரு புரத உறை இருக்கிறது. கழிவோடு சாதாரண மண்ணுக்குப் போனாலும் அது கரைவதில்லை. புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைகிறது. மனையைக் குளோரின் மருந்தால் கழுவியிருந்தாலும், மண் தெறித்த கீழ் இலையோடு கிருமி உள்ளே வந்துவிடும். நோய் பெரும்பாலும் கண்ணில் படுவது புழு வளர்ச்சியின் ஐந்தாம் பருவத்தில். புழு தின்னும் மொத்த இலையில் 80 சதவீதத்துக்கு மேல் செலவாகும் பருவமும் அதுதான்.

நோயுற்ற புழுக்களைத் தனியே எரித்துவிட்டு, மீதிக் கழிவைக் குழியில் மக்கவைத்தால், அப்போது எழும் சூடு கிருமிகளைப் பெரிதும் குறைக்கும். நன்றாக மக்க 3 முதல் 4 மாதங்கள் ஆகும். ஆண்டுக்கு 5 முறை புழு வளர்த்தால், ஏறக்குறைய 70 நாளுக்கு ஒருமுறை புதுக் கழிவு வரும். குழி ஒன்றே ஒன்று என்றால், மக்கியதன்மேல் மக்காதது விழுந்துகொண்டே இருக்கும். எப்போது அள்ளினாலும் இரண்டும் கலந்தே தோட்டத்துக்குப் போகும்.