பேராசிரியர் அர்விந்தும் அடையாற்றங்கரைச் செயலியும்

பட்டினப்பாக்கத்தில் அடையாறு கடலோடு கலக்கின்றது. அம்முகத்துவாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தென்மேற்கே சென்னை ஐ.ஐ.டி. அமைந்துள்ளது. அங்கு வடிவமைக்கப்பட்ட 'சக்தி' செயலிகளைப் பற்றிப் பலரும் அறிவர். ஆனால் அவை எந்த மொழியில் எழுதப்பட்டன, அம்மொழி எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தோர் சிலரே. அதன் பின்னால் ஓர் அறிஞரின் நெடிய ஆய்வு வாழ்வு இருக்கின்றது. அவர்தாம் பேராசிரியர் அர்விந்த்.

1947இல் பிறந்த அர்விந்த், 1969இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பட்டம் பெற்றார். 1973இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவரானார். கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பின், 1978இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். 2024 ஜூன் மாதம் மறையும்வரை அங்கேயே ஆசிரியராக விளங்கினார்.

அவரை ஆட்கொண்ட வினா எளியது: ஒரு கணக்கைப் பல செயலிகள் ஒரே நேரத்தில் பகிர்ந்து செய்வது எங்ஙனம்? வழக்கமான கணினி, கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே நிறைவேற்றும். பெரியதொரு கல்யாண விருந்தின் சமையற்கூடத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒருவர் பட்டியலை வாசிக்க, ஏனையோர் தத்தம் முறை வரும்வரை கைகட்டி நிற்பதில்லை. வெங்காயம் நறுக்கி முடிந்ததும் தாளிப்பு தொடங்குகின்றது. அதே வேளையில் மற்றோர் அடுப்பில் உலை கொதிக்கின்றது. பொருள் கைக்கு வந்ததும் அதற்குரிய வேலை தொடங்கிவிடும். கணினியும் இவ்வாறே இயங்கட்டும் என்பதுதான் 'தரவோட்டக் கணினியியல்' என்னும் கோட்பாடு. இக்கோட்பாட்டிற்கென 'இட்' என்னும் நிரல்மொழியை அர்விந்தும் அவருடைய சகாக்களும் உருவாக்கினர். பின்னர் மோட்டரோலா நிறுவனத்தின் துணையுடன் 'மான்சூன்' என்னும் கணினியையும் கட்டினர்.

மான்சூன் சந்தையை வெல்லவில்லை. வந்துசேரும் தரவுகளை இணை சேர்ப்பதற்கே பெரும் உழைப்புத் தேவைப்பட்டது. வழக்கமான செயலிகளோ ஆண்டுதோறும் மலிவாகவும் விரைவாகவும் ஆகிக்கொண்டிருந்தன. இன்று அவ்வியந்திரம் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

ஆய்வு இத்துடன் வீணாயிற்றா? இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அர்விந்த் தம் வினாவை வேறொரு களத்திற்கு எடுத்துச் சென்றார். சில்லின் உள்ளே இருக்கும் மின்சுற்றுகள் இயல்பிலேயே ஒரே நேரத்தில் இயங்குபவை. அவற்றைப் பிழையின்றி விவரிப்பதே வடிவமைப்பாளரின் பெருஞ்சுமை. 'இந்த நிபந்தனை நிறைவேறினால் இச்செயல் முழுமையாக நிகழட்டும்' என்னும் விதிகளாகவே வன்பொருளை எழுதலாம் என அவரும் அவர் மாணவர்களும் காட்டினர். விதிகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வதைத் தொகுப்பி மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். இதுவே 'ப்ளூஸ்பெக்' மொழியின் சாரம். இதே பெயரில் ஒரு நிறுவனத்தை 2003இல் அவர் தொடங்கினார். அதன் தொகுப்பி 2020இல் திறந்த மூலமாக்கப்பட்டது.

பேராசிரியர் வீ. காமகோடியின் தலைமையிலான சென்னைக் குழு, சக்தி செயலிகளை இம்மொழியிலேயே எழுதியது. செயலி புரிந்துகொள்ளும் கட்டளைத் தொகுதிக்கு, பெர்க்லியில் 2010இல் தொடங்கப்பட்ட 'ரிஸ்க்-ஐந்து' என்னும் திறந்த தரத்தை எடுத்துக்கொண்டது. உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க தரம் அது. 2018இல் ஒரு சக்தி சில்லு அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்திலும், மற்றொன்று மொகாலியில் உள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்திலும் உருப்பெற்றன. விண்வெளிப் பயன்பாட்டுக்கான 'ஐரிஸ்' சில்லு 2025இல் அறிவிக்கப்பட்டது.

இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவு நாம் சிந்திக்க வேண்டியது. எண் சிறுக்கச் சிறுக்க நுட்பம் நுண்ணியதாகும். வடிவமைக்கும் அறிவு அடையாற்றங்கரையில் வேரூன்றிவிட்டது. நுண்ணிய சில்லை உருவாக்க அன்று அயல்நாட்டு ஆலையை நாட வேண்டியிருந்தது. ஆலைக்குப் பெருமுதல் வேண்டும். ஆனால் அறிவுக்கு முதலில் வேண்டுவது பொறுமை. சந்தையில் தோற்ற ஓர் இயந்திரத்தின் கருத்து, கால் நூற்றாண்டுக்குப் பின் நம் ஊர் மாணவர்களின் கைக்கருவியாகி இருக்கின்றது. தம் பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்பும் பெற்றோர், முதல் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எந்த வினாவோடு அப்பிள்ளை வாழப்போகின்றது என்றும் கேட்பார்களாக.