கல்லீரல் இழைநார் வளர்ச்சி: பேணும் முறையும் மாற்றும் காலமும்

'சிரோசிஸ்' என்று மருத்துவர் கூறும் நோயைத் தமிழில் கல்லீரல் இழைநார் வளர்ச்சி என்கிறோம். ஈரலின் நிறம் கருதி, பழுப்பு மஞ்சளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1819இல் அப்பெயரை அமைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக். தமிழ்ச் சொல்லோ நோயின் இயல்பையே உணர்த்துகிறது. நெடுங்கால அழற்சியால் ஈரலின் திசு அழிய, அவ்விடத்தில் நார் படர்கிறது. மது மட்டுமே இதற்குக் காரணமன்று; ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் நீரிழிவோடு வரும் கொழுப்பு ஈரலும் இந்நிலைக்கே கொண்டு சேர்க்கும்.

நோய்க்கு இரு நிலைகள் உண்டு. முதல் நிலையில் எஞ்சிய திசுவே எல்லாப் பணிகளையும் ஆற்றிவிடும். நோயாளி ஏதும் அறியாமலே வாழக்கூடும். வயிற்றில் நீர் கோத்தல், மஞ்சள் காமாலை, குருதி வாந்தி, அறிவுத் தடுமாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் இரண்டாம் நிலை தொடங்கிற்று எனக் கொள்ளவேண்டும்.

காரணத்தை நீக்குதலே முதல் மருத்துவம். மதுவை முற்றும் விலக்கவேண்டும். கிருமிக்குரிய மருந்தை உண்ணவேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒலியலைப் படம் எடுத்துப் புற்று உண்டா எனப் பார்க்கவேண்டும். நீர் கோத்தவர் உப்பை நாளொன்றுக்கு 5 கிராம் அளவில் நிறுத்தல் நன்று. ஊறுகாயும் கருவாடும் சோயா சாறும் இக்கணக்கில் அடங்கும். ஆயின், பத்தியம் என்று பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றையும் ஒதுக்குவது தீங்கு. புரதம் குறைந்தால் தசை கரையும். தசை கரைந்தவர் அறுவையைத் தாங்கார்.

மாற்று அறுவை எப்போது தகும்? பிலிருபின், கிரியேட்டினின், குருதி உறையும் வேகம் ஆகியவற்றைக் கொண்டு 6 முதல் 40 வரை கணிக்கப்படும் 'மெல்டு' மதிப்பெண் இதற்கு வழிகாட்டும். அது 15ஐ எட்டினாலோ மேற்கூறிய சிக்கல்கள் தோன்றினாலோ மாற்று மருத்துவக் குழுவை நாடுதல் முறை. மதிப்பெண் மிகத் தாழ்ந்திருக்கையில் அறுவையின் இடரே பெரிது. மிகத் தாமதித்தாலோ உடல் அதனைத் தாங்காது. ஈரலுக்கு வெளியே புற்று பரவியவர்க்கு இது பொருந்தாது.

சிங்கப்பூரின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 2004 முதல் ஈரலையும் உள்ளடக்குகிறது. உயிருள்ள உறவினரும் ஈரலின் ஒரு பகுதியை அளிக்கலாம். எஞ்சிய பகுதி சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடும்.

மருத்துவர் கூறுவதைப் பாட்டன் பாட்டியர்க்குத் தமிழில் எடுத்துரைப்போர் பல இல்லங்களில் மாணவரே. 'மாற்று' என்ற சொல்லைக் கேட்டதும் முடிவு நெருங்கிற்று என அவர்கள் அஞ்சலாம். உரிய காலத்தே ஆய்ந்து பார்க்கும் வாய்ப்பு அது என விளக்குதல் நம் கடமையாகும்.