குறுங்கயிறும் நெடுங்கயிறும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

முளையடித்து மாட்டைக் கட்டுகிறவன், கயிற்றின் நீளத்தாலேயே அது எவ்வளவு தூரம் மேயலாம் என்பதைத் தீர்மானித்து விடுகிறான். உலக அரசியலில் 'உதவி' என்று வழங்கப்படுவதும் ஏறத்தாழ இத்தகையதே. வள்ளுவர் உதவியின் பெருமையைச் சொல்ல ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அவர் பேசியது மனிதனுக்கு மனிதன் செய்யும் உதவியைப் பற்றி. அரசுக்கு அரசு செய்யும் உதவி வேறு இனம். அதில் கயிறு உண்டு. அமெரிக்க அரசு அந்தக் கயிற்றை நமக்கு எவ்வளவு குறுக்கிப் பிடித்தது, இஸ்ரேலுக்கு எவ்வளவு நீட்டி விட்டது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பாலஸ்தீனப் பிரச்சினையைப் பேச நம் நாட்டுக் கோதுமைக் கதை எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன்.

1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பொதுச் சட்டம் 480 என்பது அதன் எண்; நம்மவர் வாயில் அது 'பி.எல். 480' ஆயிற்று. அமெரிக்கப் பண்ணைகளில் தேவைக்கு மேல் விளைந்து கிடங்குகளில் குவிந்த தானியத்தை, டாலர் இல்லாத நாடுகளுக்கு அவற்றின் சொந்த நாணயத்திலேயே விற்க அச்சட்டம் வழி செய்தது. 1956இல் இந்தியா அதில் சேர்ந்தது. கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. அரிசியும் சோளமும் கம்புமே உணவாக இருந்த நம் திண்டுக்கல் சீமையிலும் ரேஷன் கடை வழியாக அது நுழைந்தது. "கப்பல் கோதுமை" என்றே என் அப்பத்தா அதை இன்றும் சொல்வார். வேடசந்தூர்ப் பக்கத்தில் அதை எப்படிச் சமைப்பதென்று தெரியாமல், சோளச்சோறு போலக் குத்திப் பொங்கித் தின்றார்களாம். பள்ளிக்கூடத்து மதிய உணவுக்கும் 'கேர்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பொருள் அனுப்பியது. பசித்தவன் வயிற்றுக்கு அது போய்ச் சேர்ந்தது என்பதை மறைப்பது நன்றியாகாது.

நிற்க. 1965, 1966 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. அதற்கு முந்திய ஆண்டு சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த நாட்டின் தானிய விளைச்சல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. பீகாரில் பஞ்சம் தலைகாட்டியது. 1966இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. இந்த நேரம் பார்த்துத்தான் குடியரசுத் தலைவர் ஜான்சன் கயிற்றைக் குறுக்கினார். நீண்ட கால ஒப்பந்தம் 1965 ஜூனில் முடிந்தபின், ஒரு மாதத்திற்கு, இரண்டு மாதத்திற்கு என்று அளந்து அளந்து அனுமதி தந்தார். வாஷிங்டன் அதிகாரிகளே இதற்கு வைத்த பெயர் 'குறுங்கயிறு'. இந்தியா தன் வேளாண்மையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வியட்நாமில் அமெரிக்கா குண்டு வீசுவதை இந்தியா கண்டித்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது சொல்லாத காரணம்; இது பின்னாளில் பலராலும் எழுதப்பட்டுவிட்டது.

அப்போது உணவமைச்சர் நம் தமிழ்நாட்டவரான சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோமாபுரியில் அமெரிக்க வேளாண்மை அமைச்சர் பிரீமனைச் சந்தித்து, உரம், வீரிய விதை, வேளாண்மைக்கான முதலீடு ஆகியவற்றில் இந்தியா என்னென்ன செய்யும் என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டது, 4.76 ரூபாயாக இருந்த டாலர் ஒரே நாளில் 7.50 ஆயிற்று. உணவுப் பஞ்சத்தின் எதிரொலியை 1967 தேர்தலில் தமிழகமே கேட்டது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கத்தை நம் தாத்தாமார் இன்னும் மறக்கவில்லை. ஆக, உதவி தருகிற நாடு நிபந்தனை போடும். வாங்குகிற நாட்டின் பேச்சையும், நாணயத்தையும், வயலையும் கூட அது தொடும். இதை நாம் ஏட்டில் படிக்கவில்லை, பட்டு அறிந்தோம்.

இனிப் பாலஸ்தீனத்திற்கு வருவோம். 1947 நவம்பர் 29இல் அந்நாட்டை இரண்டாகப் பிரிக்க ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தபோது அமெரிக்கா ஆதரவாகவும், பிரிவினையின் இரத்தம் காயாத இந்தியா எதிராகவும் வாக்களித்தன. அடுத்த ஆண்டு மே மாதம் இஸ்ரேல் பிறந்தது. பல இலட்சம் பாலஸ்தீனர் அகதிகளாயினர். ஆனால் அன்றைய அமெரிக்கா இன்றைய அமெரிக்கா அன்று. 1956இல் பிரிட்டனோடும் பிரான்சோடும் சேர்ந்து இஸ்ரேல் எகிப்தின் மீது படையெடுத்தது. சினாய் பாலைவனத்தையும் காசாவையும் விட்டு வெளியேறத் தயங்கிய இஸ்ரேலை, உதவியை நிறுத்துவோம், ஐ.நா. தண்டனை நடவடிக்கைக்கும் துணை நிற்போம் என்று ஐசனோவர் எச்சரித்தார். 1957 மார்ச்சில் படைகள் வெளியேறின. அந்த எல்லையைக் காக்கச் சென்ற ஐ.நா. அமைதிப் படையில் இந்திய வீரர்கள் பத்தாண்டுக் காலம் இருந்தார்கள். 1967 ஜூன் போரில் அவர்களில் சிலர் காசாவில் உயிரையும் விட்டார்கள். காசா என்ற பெயரை நேற்றைய தொலைக்காட்சிச் செய்தியில்தான் முதன்முதலாகக் கேட்டதாக நினைப்போர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த 1967 போரில் இஸ்ரேல் மேற்குக் கரையையும் காசாவையும் கிழக்கு ஜெருசலேமையும் பிடித்தது. அமெரிக்காவில் ஆட்சியில் இருந்தவர் யார்? நமக்குக் கோதுமையை மாதக் கணக்கில் அளந்த அதே ஜான்சன். ஐசனோவர் போல உடனே வெளியேறு என்று அவர் சொல்லவில்லை. மறு ஆண்டு 50 பாண்டம் போர் விமானங்களை இஸ்ரேல் கேட்டது. அணு ஆயுதம் செய்ய மாட்டோம் என்ற உறுதியை அதற்குப் பதிலாகப் பெற வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் முயன்றனர். ஜான்சன் அதை வற்புறுத்தவில்லை, விற்பனை நடந்தது. பசித்த நாட்டுக் கோதுமைக்குக் குறுங்கயிறு, போர் விமானத்திற்கு நெடுங்கயிறு! ஒரே மனிதர், ஒரே மேசை, மூன்றாண்டு இடைவெளி.

1973 போருக்குப்பின் இவ்வுதவி பெருகியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தைக் கூட்டிப் பார்த்தால், அமெரிக்க உதவியை மிக அதிகமாகப் பெற்ற நாடு இஸ்ரேலே. 2016 செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 2019 முதல் 2028 வரையிலான பத்து நிதியாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர்: அதாவது ஆண்டுக்கு ஆயுதம் வாங்க 330 கோடி, ஏவுகணைத் தடுப்புக்கு 50 கோடி. தொகையைவிட அதைக் கொடுக்கும் முறையே நம் கவனத்திற்கு உரியது. பிற நாடுகளுக்கு இந்த நிதி தவணையாகப் போகிறது. இஸ்ரேலுக்கோ நிதிச் சட்டம் நிறைவேறிய முப்பது நாட்களுக்குள் முழுத்தொகையும் நியூயார்க்கில் வட்டி ஈட்டும் கணக்கில் போடப்படுகிறது. நமக்கு மாதம் ஒரு கப்பல். அங்கே ஆண்டுத் தொடக்கத்திலேயே முழுப் பணமும். அப்பணத்தில் பெரும்பகுதி அமெரிக்க ஆயுதத் தொழிற்சாலைகளுக்கே திரும்பி வந்துவிடுகிறது. அன்று உபரிக் கோதுமைக்குச் சந்தை தேடிய சட்டத்திற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை நகைப்பிற்குரியது.

நிபந்தனை போடச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மனித உரிமைகளைக் கொடுமையாக மீறும் படைப்பிரிவுக்கு உதவி கூடாது என்று லேஹி என்னும் செனட் உறுப்பினரின் பெயரால் வழங்கும் சட்டம் கூறுகிறது. அமெரிக்க நிவாரணப் பொருளைத் தடுக்கும் நாட்டுக்கு உதவி கூடாது என்று வெளிநாட்டு உதவிச் சட்டத்தின் ஒரு பிரிவு கூறுகிறது. போட்டால் பலிக்குமா? பலித்திருக்கிறது. 1982 ஆகஸ்டில் பெய்ரூட் நகரம் குண்டுமழையில் நனைந்தபோது ரீகன் இஸ்ரேல் பிரதமர் பெகினைத் தொலைபேசியில் அழைத்துக் கண்டித்தார். அன்றே குண்டுவீச்சு நின்றது. அதற்கு முந்திய மாதம் கொத்துக்குண்டு அனுப்புவதை அவரே நிறுத்தியிருந்தார். 1991இல், பிடித்த நிலத்தில் குடியிருப்புகள் கட்டுவதைச் சுட்டிக்காட்டி, 1,000 கோடி டாலர் கடனுக்கான உத்தரவாதத்தை மூத்த புஷ் தள்ளிவைத்தார். இருவரும் இஸ்ரேலின் பகைவர் அல்லர். எனவே அமெரிக்காவால் முடியாது என்பது சரியான விடை அன்று. பெரும்பாலும் அது விரும்பவில்லை என்பதே விடை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பாலஸ்தீன அகதிகளுக்குப் பள்ளியும் மருந்தும் மாவு மூட்டையும் தரும் ஐ.நா. நிவாரண அமைப்பு 1949இல் ஏற்படுத்தப்பட்டது. அதற்கு நெடுங்காலம் அதிகப் பணம் தந்தது அமெரிக்காவே. 2018இல் அப்பணம் நிறுத்தப்பட்டது. 2021இல் மீண்டும் வந்தது. 2024 ஜனவரியில், ஊழியர் சிலர் ஹமாஸ் தாக்குதலில் பங்கு கொண்டனர் என்ற குற்றச்சாட்டின் பேரில், மறுபடியும் நின்றது. சிலர் மீதான குற்றச்சாட்டுக்கு முழு அமைப்பின் மாவும் நிறுத்தப்பட, குண்டுக்கு அந்த அளவுகோல் வைக்கப்படவில்லை. (நம் அரசு அந்த அமைப்புக்கு ஆண்டுக்கு 50 இலட்சம் டாலர் தந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லலாம்.)

2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் இயக்கத்தார் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றனர். 251 பேரைப் பிணையாகக் கொண்டு சென்றனர். திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களைச் சுட்டுக் கொன்றதை எந்த விடுதலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. அதன்பின் நடந்ததோ! 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தபோது, காசா சுகாதாரத் துறையின் கணக்கில் இறந்தோர் 67,000க்கு மேல். 2025 ஆகஸ்டில் காசா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக உணவு நிலையைக் கணிக்கும் சர்வதேச அமைப்பு அறிவித்தது. இடையில் ஒரே ஒரு முறை, 2024 மே மாதத்தில், 2,000 பவுண்டு எடையுள்ள குண்டுகளின் ஒரு தொகுதியைப் பைடன் நிறுத்தி வைத்தார். 2025 ஜனவரியில் பதவியேற்ற டிரம்ப் அதையும் விடுவித்தார். பாதுகாப்பு சபையில் 2023 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரை காசாப் போர் பற்றிய ஆறு தீர்மானங்களை அமெரிக்கா தன் 'வீட்டோ' என்னும் தடுப்பதிகாரத்தால் வீழ்த்தியது. கடைசி முறை மற்ற 14 உறுப்பினர்களும் ஒரு பக்கம். அமெரிக்கா மட்டும் மறுபக்கம்.

வீட்டோவைக் குறை கூறும் போது நமக்கும் சற்று நாக்கு இடறத்தான் செய்யும். 1971 டிசம்பரில் வங்கதேசப் போரின்போது, போர்நிறுத்தம் கோரிய தீர்மானங்களைச் சோவியத் யூனியன் மூன்று முறை வீட்டோ செய்து நம்மைக் காத்தது. ஒரு கையை உயர்த்தி உலகத்தின் வாயை மூடும் அதிகாரம் நம் பக்கம் இருந்தபோது நாம் அதை அநியாயம் என்று சொல்லவில்லை. வேறுபாடு உண்டு: அப்போர் பதின்மூன்று நாளில் முடிந்தது, மூன்று மாதத்தில் நம் படை திரும்பிவிட்டது. மேற்குக் கரையில் 1967இல் நுழைந்த படை இன்னும் திரும்பவில்லை. எனினும் அதிகாரம் ஒன்றே. அதுபோலவே, 1988இல் பாலஸ்தீன நாட்டை ஏற்ற நாம் இன்று இஸ்ரேலிய ஆயுதங்களை வாங்கும் பெரிய வாடிக்கையாளராகவும் இருக்கிறோம். 2023 அக்டோபரில் பொதுச் சபையின் போர்நிறுத்த வாக்கெடுப்பில் ஒதுங்கி நின்றோம், டிசம்பரில் ஆதரித்தோம். பிறரை அளக்கும் கோலால் நம்மையும் ஒருமுறை அளந்துகொள்வது நல்லது.

இவ்வாறு எழுதுவது அமெரிக்க மக்கள் மீது வெறுப்பு என்று யாரும் கொள்ள வேண்டாம். இக்கொள்கையைக் கடுமையாகக் கண்டித்தவர்களில் அமெரிக்கரே பலர். 2024இல் கொலம்பியா முதலிய பல்கலைக்கழகங்களில் கூடாரம் அடித்து அமர்ந்து கைதானவர்கள் நம் வயது மாணவர்கள், அவர்களில் யூத மாணவர்களும் இருந்தனர். 1959 பிப்ரவரியில், சின்னாளபட்டியை அடுத்த காந்திகிராமத்திற்கு ஓர் அமெரிக்கர் வந்தார். அவர் பெயர் மார்ட்டின் லூதர் கிங். எட்டு ஆண்டு கழித்து, ஜான்சன் நம் கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில், நியூயார்க் தேவாலயம் ஒன்றில் நின்று வியட்நாம் போரைத் தன் நாட்டின் குற்றம் என்று கண்டித்தார். பெரிய பத்திரிகைகள் எல்லாம் அவரைச் சாடின.

நம் கோதுமைக் கணக்கு 1974இல் முடிந்தது. இந்தியாவில் அமெரிக்கா பெயரில் குவிந்து கிடந்த ரூபாயில் 1,664 கோடிக்கு ஒரே காசோலை எழுதி, அமெரிக்கத் தூதர் மாய்னிகான் திருப்பித் தந்தார். அதற்குள் வீரிய விதைகள் வேரூன்றி விட்டமையால் அந்தக் கயிறு நமக்குத் தேவைப்படவில்லை. இஸ்ரேலுக்கான இப்போதைய ஒப்பந்தம் 2028 செப்டம்பரில் முடிகிறது. அடுத்ததை எழுதும் மேசையில், நிபந்தனை என்ற தலைப்பில் ஒரு பத்தி இருக்கப் போகிறதா என்பதை அமெரிக்க நாடாளுமன்றமே தீர்மானிக்க வேண்டும்.