சக்கரங்களின் மேல் – 14: குமிழைத் திருகினால் அசையும் கதவு

சென்ற வாரம் எஞ்சினின் சூட்டை ரேடியேட்டர் எப்படி வெளியேற்றுகிறது என்று பார்த்தோம். அந்தச் சூட்டில் ஒரு பங்கு காருக்குள்ளும் வருகிறது. டேஷ்போர்டுக்குள், நம் கண்ணில் படாத இடத்தில், ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. ஏறக்குறைய 90 டிகிரி சூட்டில் எஞ்சினைச் சுற்றிவரும் கூலன்ட் அதற்குள்ளும் ஓடுகிறது.

நீலமும் சிவப்பும் தீட்டிய குமிழைத் திருகினால் ஏசியே கூடும், குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அது அசைப்பது ஒரு சின்னக் கதவை. ப்ளோயர் தள்ளும் காற்று முதலில் ஏசியின் கூலிங் காயிலைக் கடக்கிறது. அதை அடுத்துத்தான் இந்தக் கதவு. குமிழ் நீலத்தில் இருந்தால் காற்று ஹீட்டர் கோரைத் தொடாமல் நேரே வந்துவிடும். சிவப்பில் இருந்தால் அதற்குள் புகுந்து வரும். நடுவில் வைத்தால் இரண்டும் கலக்கும், வெந்நீரில் பச்சைத்தண்ணீர் விளாவுவது போல. 24 டிகிரி என்று எண்ணை வைத்துவிட்டால் தானே பார்த்துக்கொள்ளும் கார்களிலும் இதே கதவுதான். அதை ஒரு சிறு மோட்டார் திருப்புகிறது. டேஷ்போர்டுக்குள் விடாமல் ‘டக் டக்’ என்று கேட்டால், பெரும்பாலும் அந்த மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கும்.

ஹீட்டரும் ஏசியும் இப்படி ஒன்றாக அமைந்தது படிப்படியாகத்தான். அமெரிக்காவின் நேஷ் நிறுவனம் 1938-ஆம் ஆண்டுக் கார்களில், வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே செலுத்தும், பின்னர் ‘வெதர் ஐ’ என்று பெயர்பெற்ற அமைப்பைத் தந்தது. 1954-இல் ஏசியையும் அதனுடன் சேர்த்து முன்பக்கத்திலேயே அடக்கியது. அதற்கு முன், 1940-இன் பேக்கார்டு காரிலோ, ஏசியின் கூலிங் காயில் பின்சீட்டுக்குப் பின்னால் டிக்கியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஹீட்டரும் ஏசியும் சேர்ந்து கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு: மழையில் கண்ணாடி மங்கும்போது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. நம் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. உள்காற்றையே சுற்றவிடும் பட்டன் போட்டிருந்தால் அந்த ஈரம் வெளியேற வழியே இல்லை. உடனே வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள், ஏசியைப் போடுங்கள். குளிர் தாங்கவில்லையா? ஏசியை நிறுத்தாமல் குமிழைச் சிவப்புப் பக்கம் நகர்த்துங்கள். கூலிங் காயில் ஈரத்தைப் பிழிந்துவிடும், உலர்ந்த காற்றை ஹீட்டர் கோர் சுடவைக்கும். ஹீட்டருக்கு முன்னால் காயிலை வைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் தெரிகிறது. நின்ற காரின் அடியில் சொட்டுவதும் அப்படிப் பிழிந்த தண்ணீர்தான்.

கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்கினால் கதை வேறு. ஏசி குளிர்வித்த கண்ணாடியில் வெளியே இருக்கும் புழுக்கக் காற்றின் ஈரம் படிகிறது. அப்போது வைப்பரைப் போட்டு, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்க வேண்டும்.

வெயிலில் காரைச் சீக்கிரம் குளிர்விக்க, உள்காற்றைச் சுற்றவிடுவது நல்லது. ஆனால் நெடும்பயணம் முழுக்க அப்படியே விட்டால் கரியமில வாயு சேர்ந்து ஓட்டுநருக்குக் கண் சொருகும். அவ்வப்போது வெளிக்காற்றை விடுங்கள். எந்தப் பட்டன் எந்தக் காற்றுக்கு என்பதை, கார் நிற்கும்போதே கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.