பருவமறிந்து உண்ணல்
ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் தரும் பாடங்கள்

தாம் உண்ணும் மரக்கறி எம்மாதத்தில் விளைவது என்பதை அறியாதோர் தொகை நகரங்களிற் பெருகி வருகின்றது. எல்லாப் பண்டங்களும் எக்காலத்தும் கடையிற் கிடைத்தலே இதற்குக் காரணமாகும். இவ்வறியாமையை நீக்குமுகமாக இங்கிலாந்திலே தொலைக்காட்சி வாயிலாக மேற்கொள்ளப்பட்ட முயற்சியொன்று, கமக்காரரும் இல்லத்தரசியரும் அறியத்தக்கதாகும்.

தொடரின் வரலாறு

இலண்டனில் ரிவர் கபே என்னும் உணவகத்திற் சமையற் பணி செய்து, பின்னர் எழுத்தாளரான கியூ பேண்லி-விற்றிங்ஸ்ரோல் என்பார், தென்மேற்கு இங்கிலாந்திலுள்ள டோசெற் பகுதியிலே ஒரு குடிலிற் குடியேறினார். அங்கு அவர் மரக்கறி பயிரிட்டும், கோழி, பன்றி முதலியன வளர்த்தும், அவ்வப்பருவத்தின் விளைவைக் கொண்டு சமைத்தும் வாழ்ந்தமையை 1999 ஆம் ஆண்டில் சனல் 4 நிலையம் ஒளிபரப்பத் தொடங்கியது. ‘ரிவர் கொற்றேஜ்’ என்னும் பெயரில் இத்தொடர் பல பகுதிகளாக வளர்ந்தது. 2006 இல் அக்சுமினிஸ்ரர் நகருக்கு அண்மையிலுள்ள பண்ணையொன்று இம்முயற்சியின் இருப்பிடமாயிற்று.

பஞ்ச இடைவெளி

இங்கிலாந்திலே சித்திரை, வைகாசி மாதங்களைத் தோட்டக்காரர் ‘பசி இடைவெளி’ என்பர். மாரியைத் தாங்கி நின்ற கோவா, லீக்ஸ் முதலியன வெப்பம் ஏறியதும் பூத்துவிடும். சேமித்த கிழங்குகள் முளைத்துவிடும். புதிதாய் விதைத்தவையோ இன்னும் விளைந்திரா. வசந்தத்தின் பசுமை கண்ணுக்கு நிறைவாயினும், அடுப்புக்கு ஒன்றுமில்லை. இவ்விடைவெளியை நிரப்ப வேண்டுமாயின், முந்திய ஆண்டின் கோடையிலேயே அதற்குரிய பயிரை விதைத்தல் வேண்டும். அடுத்த பருவத்தின் உணவு இந்தப் பருவத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றது என்பதே இதன் பொருளாகும்.

இதற்கு மாறாகக் கோடையில் போஞ்சியும், இலையுதிர் காலத்தில் அப்பிளும் அளவிறந்து விளையும். அவை வீணாகாவண்ணம் ஊறுகாய், சட்னி, ஜாம் எனப் பதனிடப்படும். நம் முன்னோர் வற்றலும், மோர்மிளகாயும், ஒடியலும் செய்து வைத்ததும் இந்நோக்கம் பற்றியே.

விலங்கு வளர்ப்பில் எச்சரிக்கை

சமையலறைக் கழிவைப் பன்றிக்கு இடுதல் பழைய வழக்கம். ஆயின், 2001 இல் பிரித்தானியாவிற் பரவிய கால்வாய் நோய், சூடாக்கிப் பதப்படுத்தாத கழிவுணவைப் பன்றிகளுக்கு இட்ட ஒரு பண்ணையிலிருந்தே தொடங்கியதென அறியப்பட்டது. 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அவ்வாண்டிலேயே கழிவுணவு இடுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. சிக்கனம் நன்று, ஆயின் நோயை விலைக்கு வாங்கும் சிக்கனம் நன்றன்று.

2008 இல் இவர், கொட்டகையிலே நெருக்கி வளர்க்கும் கோழிகளையும் வெளியில் உலாவ விட்டு வளர்க்கும் கோழிகளையும் ஒருங்கே வளர்த்து, மலிவான இறைச்சியின் மெய்யான விலையை மக்களுக்குக் காட்டினார். அக்சுமினிஸ்ரர் வாழ் மக்கள் சிலர் தாமும் கோழி வளர்த்து இதிற் பங்குகொண்டனர்.

வரவு செலவுக் கணக்கு

இத்தொடரைக் கண்டு, உள்ள தொழிலைத் துறந்து, கடன்பட்டு நிலம் வாங்க எண்ணுவோர் ஒன்றை மறத்தலாகாது. இவருக்குப் புத்தகங்களாலும் தொலைக்காட்சியாலும் வருவாய் இருந்தது. தோட்டம் ஒன்றினால் மட்டும் அவர் வாழ்ந்தாரல்லர். திரையிற் காணும் விளைவு மெய்யே. ஆயின், குடும்பத்தின் முழு வருவாய்க்கு அது சான்றாகாது. வீட்டுத்தோட்டம் சமையற் செலவைக் குறைக்கும். மாதச் சம்பளத்துக்கு ஈடாகும் என எதிர்பார்த்தல் தவறு.

கைக்கொள்ளத்தக்கன

1. முள்ளங்கி, கீரை போன்றவற்றை ஒரேமுறையில் விதையாது, இரு கிழமைக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைக்க.

2. விதைத்த நாள், முதல் அறுவடை நாள், கடையில் மரக்கறி வாங்கிய மாதங்கள் ஆகியவற்றைக் கொப்பியொன்றிற் குறித்து வருக. ஓராண்டின் பின் உமது வளவின் பஞ்ச மாதம் எதுவெனத் தெரியவரும்.

3. விளைவு மிகும்போது பதனிடுதற்கான சாடிகள், உப்பு, உலர்த்தும் பாய் ஆகியவற்றை முன்னரே ஆயத்தம் செய்க.

4. உண்ணாத மரக்கறிக் கழிவைக் கூட்டெருக் குழியில் இட்டு, மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க.

பருவத்தை எதிர்த்து நிற்பவன் செலவு மிகச் செய்கின்றான். பருவத்தோடு இசைந்து செல்பவன் வீட்டிலே உலை தவறாது கொதிக்கும்.