பனியனைக் கெடுக்கும் பகல் காற்று!

கூரை ஒழுகவில்லை. சுவரில் கசிவில்லை. ஆனாலும் பண்டலைப் பிரித்தால் குப்பென்று பூசண வாடை! வெள்ளைப் பனியனில் கறுப்புப் புள்ளிகள்!

திருப்பூரில் தரைக்குக் கீழே சரக்கு அடுக்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. மேலே தையல், கீழே குடோன். புள்ளி விழுந்த பனியன் செகண்ட்ஸ் விலைக்குத்தான் போகும். நூற்றவர், பின்னியவர், தைத்தவர் எல்லோருடைய பாடும் வீண்!

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு முழ அளவு பிளாஸ்டிக் தாளை எடுத்துக் குடோன் சுவரில் ஒட்டுங்கள். நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் ஒட்டவேண்டும். இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். தாளின் உள்பக்கம் நனைந்திருந்தால், மண்ணின் ஈரம் சுவர் வழியே வருகிறது. கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதுதான். உள்பக்கம் காய்ந்திருக்கிறதா? அப்படியானால் சந்தேகம் காற்றின் மேல்!

பருத்திக்குத் தாகம் அதிகம். முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே சுமார் 8 கிலோ தண்ணீரை இழுத்துக் கொள்ளும். காற்றில் ஈரம் கூடினால் இன்னும் குடிக்கும். பூசணத்துக்கு அது விருந்து.

"நல்ல காற்று வரட்டும்" என்று பட்டப்பகலில் ஜன்னல்களைத் திறந்து விடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதுவே வினையாகிறது. மழை விட்டு வெயில் அடிக்கிறது, ஒரே புழுக்கம். வெளியே வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று கீழே இறங்கி 26 டிகிரிக்குக் குளிர்கிறது. சூடான காற்று சுமக்கும் அளவு தண்ணீரைக் குளிர்ந்த காற்றால் சுமக்க முடியாது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும்! கண்ணுக்கு ஒரு சொட்டும் தெரியாது.

மார்கழி விடியற்காலையில் நேர்மாறு. வெளியே 18 டிகிரி. தொட்டால் ஜில்லென்று ஈரமாகவே தோன்றும். அதே காற்று 26 டிகிரி உள்ள குடோனுக்குள் போய்ச் சூடேறினால், ஈரப்பதம் சுமார் 60க்கு இறங்கிவிடும். துணியின் ஈரத்தை அது வாங்கிக் கொண்டு போகும். ஆகவே வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துத் திறக்கவேண்டும். புழுக்கமான பகலில் மூடிவிட வேண்டும். சித்திரையின் வறண்ட வெயிலில் அவ்வளவு பயம் இல்லை.

திறந்தால் மட்டும் போதாது, காற்று ஓடவேண்டும். ஒரு பக்கம் தாழ்வாக வழி விடுங்கள். எதிர்ப்பக்கம் உயரத்தில், வெளியே தள்ளும் விசிறியை மாட்டுங்கள். பண்டல்களைச் சுவரில் சாத்தாமல், மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. அதில் 65க்கு மேல் ஏறினால் கவனம் தேவை.

இன்னொன்று. நீராவி இஸ்திரி போட்ட துணியைச் சூடு ஆறாமல் பையில் அடைத்தால், அந்த நீராவியும் பனியனோடு சேர்ந்தே குடோனுக்குப் போகிறது!