காருக்கு வீட்டிலேயே ரப்பர் பூச்சா? கேனைக் குலுக்கும் முன் இதைப் படியுங்கள்

வாங்கி மூன்று வருடம் ஆனதும் வெள்ளைக் கார் பலருக்குச் சலித்துவிடுகிறது. டிங்கரிங் பட்டறையில் முழு வண்டிக்கும் நிறம் மாற்ற விலை கேட்டால் தலை சுற்றுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு வீடியோ கண்ணில் படும். வீட்டு வாசலில் ஒருவர் ஸ்ப்ரே கேனால் கார் முழுக்கக் கறுப்பு அடிக்கிறார். பிறகு ஓரத்தைப் பிடித்து இழுக்கிறார். பூச்சு மொத்தமாக உரிந்து வர, அடியில் பழைய வெள்ளை அப்படியே பளபளக்கிறது.

வீடியோவில் காட்டுவது பொய்யில்லை. ஆனால் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறம், கேனிலிருந்து கிளம்பும் ஆவி, சரியாகப் பூசாவிட்டால் வரும் வம்பு எதுவும் அதில் இருக்காது. பணம் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை அவைதான்.

பூச்சு எப்படி வேலை செய்கிறது?

செயற்கை ரப்பரைக் கரைப்பான்களில் கரைத்து, நிறமி சேர்த்து, கேனிலோ டப்பாவிலோ அடைத்து விற்கிறார்கள். அடித்ததும் கரைப்பான் ஆவியாகிப் பறந்துவிடும். ரப்பர் படலம் மட்டும் கார் பெயின்ட்டின் மேல் தங்கும். பெயின்ட்டோடு அது ஒன்றிப்போவதில்லை, மேலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் உரிகிறது. இந்த வகையில் பேர்பெற்ற பிளாஸ்டி டிப், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத் தயாரிப்பு. ஸ்பேனர், பிளையர் கைப்பிடிகளை முக்கியெடுப்பதற்காக வந்த பொருள் அது. காருக்கு ஏறியது பின்னால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

"உரித்துவிடலாமே, இது தற்காலிகம்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். சாலையில் வண்டியை நிறுத்தும் அதிகாரி பார்ப்பது ஒன்றைத்தான்: ஆர்.சி.யில் உள்ள நிறமும் கண்முன் நிற்கும் நிறமும் ஒன்றா? பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிறத்துக்கென்றே ஓர் இடம் உண்டு. அங்கே வெள்ளை என்றிருக்க, வண்டி கறுப்பாக நின்றால், திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. நிறத்தைத் தந்தது பெயின்ட்டா, ஸ்டிக்கரா, ரப்பரா என்பது அந்த நேரத்தில் எடுபடாது.

பதிவு விவரங்கள் மாறும்படி வண்டியில் செய்யும் மாற்றங்களை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. முழு வண்டியின் நிறத்தை மாற்றுவதென்றால் பாதுகாப்பான வழி ஒன்றே: முதலில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறுங்கள். பிறகு நிறத்தை மாற்றுங்கள். மாற்றியதும் வண்டியைக் காட்டி, புதிய நிறத்தை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். அனுமதி பெற்றுச் செய்த மாற்றத்தை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். பூச்சை உரித்துப் பழைய நிறத்துக்குத் திரும்பினால், ஆர்.சி.யையும் மறுபடி மாற்றத்தான் வேண்டும்.

எந்த அனுமதியாலும் கிடைக்காத நிறம் ஒன்று உண்டு. பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி. ராணுவ ஜீப் போலத் தெரிய வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

சக்கர ரிம், கம்பெனி லோகோ, பக்கக் கண்ணாடியின் மூடி போன்றவற்றுக்கு மட்டும் பூசினால் ஆர்.சி.யில் உள்ள உடல் நிறம் மாறுவதில்லை. ஆனால் நம்பர் பிளேட்டில் ஒரு துளிகூடப் படக் கூடாது. ஹெட்லைட், பின்விளக்கு, இண்டிகேட்டரை 'ஸ்மோக்' ஆக்குவதும் கூடாது. அது அழகு அல்ல, விபத்துக்கு அழைப்பு.

மூச்சுக்கும் தீக்கும் நடுவே

உடனடி ஆபத்து இங்கேதான். இத்தகைய கேன்களில் நாப்தா, டொலுயீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களும், அவற்றை வெளியே தள்ள புரொப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்களும் இருக்கும். டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் வெயில் எத்தனை டிகிரி என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளமான இடத்தில் தேங்கும். கதவடைத்த கார் ஷெட், அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங் இரண்டும் அதற்குத் தோதான இடங்கள். தண்ணீர் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும்போது எழும் ஒரு பொறி, வாசலில் ஏற்றிய விளக்கு, கொசுவத்தி, பக்கத்தில் யாரோ பற்றவைக்கும் பீடி, இவற்றில் ஒன்று போதும்.

மூச்சில் ஏறினால் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். ஹெக்சேனை நெடுங்காலம் சுவாசிப்பவர்களுக்குக் கை கால் நரம்புகள் பாதிக்கப்படுவது மருத்துவம் அறிந்த உண்மை. துணி முகமூடியும் என்-95 முகமூடியும் துகளைத்தான் தடுக்கும், ஆவியை விட்டுவிடும். கரிம ஆவிகளுக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகக்கவசம் வேண்டும். கண்ணாடியும் கையுறையும் வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

மயக்கம் வந்தால் உடனே திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கேனைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101. காலி கேனை வெயிலில் போடவோ எரிக்கவோ கூடாது, வெடிக்கும்.

உங்கள் அலட்சியத்தால் தீயாபத்து வந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். காற்றில் பறந்த தூள் பக்கத்து வீட்டுக் கார் மேல் படிந்தால், அதைச் சுத்தம் செய்யும் செலவும் உங்கள் தலையில்தான்.

எப்போது உரியும், எப்போது உரியாது?

உரிவது தடிமனைப் பொறுத்தது. நாலைந்து கோட்டாவது ஏறியிருந்தால் ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுக்க, அகலமான தாளாகக் கையோடு வரும். காசு மிச்சம் பிடிக்க இரண்டு கோட்டோடு நிறுத்தினால், சுட்ட கத்தரிக்காயின் தோல் போலத் துணுக்குத் துணுக்காகத்தான் வரும். பம்பர் மடிப்பிலும் கதவு இடுக்கிலும் மணிக்கணக்கில் சுரண்ட வேண்டியதுதான். பொறுமை போய்த் தின்னரை எடுத்தால் கம்பெனி பெயின்ட்டே மங்கிப்போகும். வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்து மொறமொறத்த பூச்சுக்கும் இதே கதிதான்.

பெட்ரோல் மூடியைச் சுற்றி உற்றுப் பாருங்கள். பங்கில் குழாயை வெளியே எடுக்கும்போது சொட்டும் துளி படும் இடத்தில் ரப்பர் இளகும். துடைக்கப் போனால் கறுப்புப் பசையாகத் துணியில் இழுபடும். ஈரம் காயும்வரை தொடாமல் விடுவதே நல்லது. பிரஷர் வாஷ் குழாயை ஓரங்களில் நெருக்கிப் பிடித்தாலும் பூச்சு கிளம்பிவிடும்.

பழைய விபத்தில் அடிபட்டு மறுபெயின்ட் அடித்த பகுதி இருந்தால் கவனம்: அந்தப் பெயின்ட் சரியாகப் பிடிக்காதிருந்தால் ரப்பரோடு சேர்ந்தே உரிந்து வரும். ரிம்முக்கு அடிக்கும்போது பிரேக் டிஸ்க்கையும் சைலென்சரையும் நன்றாக மூடுங்கள். டிஸ்க்கில் பூச்சு படிந்தால் பிரேக் பிடிக்காது. பார்க்கிங் சென்சார்களின் மேலும் அடிக்காதீர்கள்.

காப்பீடும் வாரண்டியும்

நிறத்தை மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால், கிளெய்ம் கேட்கும் நாளில் அதையே கேள்வியாக்குவார்கள். வண்டிக்குப் பெயின்ட் அல்லது துரு வாரண்டி இன்னும் இருந்தால், பூச்சுக்குப் பிறகும் செல்லுமா என்று டீலரிடம் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்.

நியாயமில்லாமல் கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தரவில்லையென்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

ஏமாந்தால் எங்கே போவது?

கேனின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவையும் இருக்க வேண்டும். இவை இல்லாத கேனை வாங்காதீர்கள், போலியாக இருக்கலாம். பில்லைக் கேட்டு வாங்குங்கள். போனட் முழுக்க அடிப்பதற்கு முன், வெளியே தெரியாத ஒரு மூலையில் அடித்து, காயவிட்டு, உரித்துப் பாருங்கள். உரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

'உரியும்' என்று விற்ற பூச்சு உரியாமல் பெயின்ட் கெட்டுவிட்டால், அல்லது கடைக்காரர் அரைகுறையாக அடித்துக் கொடுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பில், கேன், படங்கள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாமே சாட்சி, எதையும் அழித்துவிடாதீர்கள்.

முடிவாக

ரிம், லோகோ போன்ற சின்ன வேலை என்றால், கவசம் போட்டுக்கொண்டு திறந்தவெளியில் நீங்களே தாராளமாகச் செய்யலாம். முழு வண்டி என்றால் முதல் செலவு ஸ்ப்ரே கேனுக்கு வேண்டாம்; ஆர்.டி.ஓ. விண்ணப்பத்துக்கு இருக்கட்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் காரின் நிறத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.